பழஞ்சோறா, குரக்கன் பிட்டா?

காலையில எது குடலுக்கு நல்லம் எண்டு எங்கட மட்டக்களப்புப் பக்கம் கன பேர் கேக்கிறாங்க.

பழஞ்சோறு: சோறு ஆறக்குள்ள மாச்சத்தில ஒரு பங்கு இறுகி செமிக்காத மாவா மாறும், அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போக, அங்கத்த பக்டீரியா அதப் புளிக்கவச்சு பியூட்டிரேட் எண்ட கொழுப்பமிலம் தரும், பெருங்குடல் சுவர்க் கலங்களுக்கு அதுதான் முக்கியமான சாப்பாடு.
குரக்கன்: இதில உள்ள நார்ல கனக்க புளிக்காது, தண்ணியப் பிடிச்சு மலத்த இளக்கித் தள்ளும்.

செலவு: பழஞ்சோத்துக்கு ஒண்டுமில்ல, ராத்திரி மிஞ்சினதுதானே. அம்மம்மா விடிய சின்ன வெங்காயமும் பச்சமிளகாயும் நறுக்கிப் போட்டு எருமைத் தயிரோட பிசைவா, பருக்கை விரலுக்குள்ள விறைச்சுக் கிடக்கும்.

பாதுகாப்பு: இந்த வெக்கையில சோத்த வெளிய விடாதீங்க, ஆறினதும் பிறிட்ஜில வைங்க.

மலச்சிக்கல் எண்டா குரக்கன் பிட்டும் முருங்கையிலச் சுண்டலும், மறுகா தண்ணியும் நல்லாக் குடிக்கோணும். குடல் பக்டீரியாவுக்குத் தீனி வேணுமெண்டா பழஞ்சோறு. சீனி வருத்தக்காரர் பழஞ்சோறு தானே எண்டு கோப்பை நிறையப் போடாதீங்க, அதில செமிக்காத மாவு கொஞ்சந்தான், மிச்சமெல்லாம் சீனியாத்தான் ஏறும்.