300 டூ-ஸ்ட்ரோக்கில் ஆட்டோ கிளட்ச்: 153 மணி நேர அனுபவம்

லிவரைத் தொடாமலே தானே பிடித்துத் தானே விடும் ஆட்டோ கிளட்சை மாட்டிய அன்று, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைச் சொல்லும் ஹவர் மீட்டர் 61 காட்டியது. இன்று 214. இடையில் இரண்டே முக்கால் வருடம் ஓடிவிட்டது. மாட்டிய புதிதில் எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். ஒருமுறை பிளேட் கருகி, ஒருமுறை சரிவில் பின்னால் உருண்டு வந்த பிறகு எழுதுவதுதான் சரி என்று காத்திருந்தேன்.

வண்டி கே.டி.எம். 300 இ.எக்ஸ்.சி., காட்டுப் பாதைக்கான டூ-ஸ்ட்ரோக் பைக், 2016 மாடல், கார்புரேட்டர். எஞ்சின் 293.2 சி.சி. நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஓட்ட முடியாது. பெங்களூரு அல்சூரிலிருந்து டாடா ஏஸில் ஏற்றி, கனகபுரா பக்கம் நண்பருடைய மாமாவின் நிலத்துக்குக் கொண்டுபோவோம். பாதி தைல மரம், பாதி கருங்கல் பாறை. அந்தப் பாறைதான் என்னை இந்தச் செலவுக்குள் இழுத்துவிட்டது.

என் இடது மணிக்கட்டில் பழைய முறிவு ஒன்று உண்டு, உள்ளே இரண்டு ஸ்க்ரூ இருக்கிறது. பாறை ஏற்றத்தில் கிளட்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு பத்து நிமிடம் ஏறினால் விரல்கள் மரத்துப்போகும். மரத்துப்போன விரல் கிளட்சை அரை நொடி தாமதமாகப் பிடிக்கும், வண்டி ஆஃப் ஆகிவிடும். ஒரு காலை ஊன்றிக்கொண்டு திரும்ப ஸ்டார்ட் செய்து, அடுத்த கல்லிலேயே மறுபடி ஆஃப். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஏற்றத்தில் ஒன்பது முறை ஸ்டார்ட் செய்தேன். அன்று இரவு சோற்றைப் பிசையக்கூடத் தெம்பில்லை.

ஆட்டோ கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது டிவிஎஸ் 50. பக்கத்து ஓசூரில் பிறந்த வண்டி. கிளட்ச் லிவரே கிடையாது. ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் வேகம் கூடி, மையவிலக்கு விசையில் ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கும், வண்டி நகரும். நான் மாட்டியிருப்பது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து நிறுவனமான ரெக்ளூஸின் கிட். தத்துவம் அதேதான், இடம்தான் வேறு. கிளட்ச் பிளேட்டுகளுக்கு நடுவே ஒரு சிறப்பு டிஸ்க் உட்கார்ந்திருக்கும். அதற்குள் சின்னச் சின்ன ஆப்புகள். எஞ்சின் வேகம் ஏற ஏற அவை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, டிஸ்க் தடித்து, மற்ற பிளேட்டுகளை இறுக்கும். வேகம் ஐடிலுக்கு, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்துக்கு இறங்கினால் ஸ்பிரிங்குகள் ஆப்புகளை உள்ளே இழுத்துவிடும், கிளட்ச் தானே விட்டுவிடும். லிவர் அப்படியே இருக்கிறது. வேண்டும்போது பிடிக்கலாம், வேண்டாவிட்டால் மறந்துவிடலாம்.

மாட்டிக் கொடுத்த மெக்கானிக் அண்ணன் ஸ்ரீராமபுரத்தில் வாழ்நாள் முழுக்க மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி பைக்குகளைப் பார்த்தவர். டிஸ்க்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, நம்ம மைசூர் வண்டியில அப்பவே பாதி ஆட்டோமேட்டிக் இருந்துச்சே" என்றார். உண்மைதான். அந்த வண்டிகளில் கியர் பெடலை மிதித்தாலே அது உள்ளே கிளட்சைத் தூக்கிவிடும், கியர் மாற்ற லிவர் தேவையில்லை. ஆனால் கியரில் நின்றால் ஆஃப் ஆகும், நகரத் தொடங்கக் கை வேண்டும். இது அதற்கு நேர் எதிர்: நிற்பதையும் கிளம்புவதையும் கிளட்சே பார்த்துக்கொள்ளும், கியர் மாற்றுவது நம் பாடு.

முதல் நாள் ஏற்றத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வழக்கமாக முதல் கியரில் அலறிக்கொண்டு ஏறும் இடம். பெரிய டூ-ஸ்ட்ரோக்குக்குக் கீழ் வேகத்திலேயே இழுவை உண்டு என்று தெரிந்தும், ஆஃப் ஆகிவிடுமோ என்ற பயத்தில் நான் அதைப் பயன்படுத்தியதே இல்லை. அன்று இரண்டாவது கியரில் போனேன். பாதி வழியில் முன் சக்கரம் ஒரு கல்லில் முட்டி வண்டி நின்றே விட்டது. எஞ்சின் மட்டும் தடதடவென்று ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது. பிரேக்கைப் பிடித்து மூச்சு வாங்கினேன், கல்லைப் பார்த்தேன், உடம்பை முன்னால் சாய்த்து ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்தேன். பின் சக்கரம் சுழன்று வழுக்காமல், பிடித்து, ஏறியது. அந்த ஏற்றத்தில் முதல்முறையாக என் கவனம் முழுக்கப் பாதையில் இருந்தது.

மணிக்கட்டு வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். முன்பு ஒன்றரை மணி நேரத்தில் வண்டியை ஓரம் கட்டுவேன், இப்போது மதியம் வரை ஓட்டுகிறேன். வாங்கிய காசுக்கு எனக்கு இது ஒன்றே போதும்.

இனி, இது பறித்துக்கொண்டவை.

சாதாரண வண்டி ஏற்றத்தில் தோற்று நின்றால் கியரிலேயே ஆஃப் செய்துவிடுவோம். பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கிளட்சை விட்டு விட்டுப் பிடித்து மெல்லப் பின்னால் இறக்கலாம். ஆட்டோ கிளட்ச் வண்டி ஆஃப் ஆனால் கியரில் இருந்தாலும் பின் சக்கரம் சும்மா உருளும். இரண்டாவது வாரமே இதைக் கற்றுக்கொண்டேன். வலது கால் தரையில், ஆகவே பின் பிரேக் எட்டவில்லை. முன் பிரேக்கை மட்டும் இறுக்கினேன், முன் சக்கரம் பூட்டியபடியே சரளையில் வழுக்க, வண்டியோடு எட்டு பத்து அடி பின்னால் போய் ஒரு தைல மரத்தில் முட்டி நின்றேன். ஏழு மாதம் கழித்து ஹேண்டில்பாரின் இடது பக்கம் பின் பிரேக்குக்குத் தனி லிவர் போட்டேன். பாறையும் ஏற்றமும் உள்ள இடத்தில் ஓட்டுபவர்கள் அதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இறக்கமும் அப்படித்தான். டூ-ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக்கிங் (ஆக்சிலேட்டரை மூடினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது) முதலிலேயே சொற்பம். ஆக்சிலேட்டரை முழுதாக மூடி வேகம் ஐடிலுக்கு இறங்கினால் அந்தச் சொற்பமும் போய், வண்டி நியூட்ரலில் இறங்குவது போல இறங்கும். இறங்கத் தொடங்கும் முன் ஒருமுறை லேசாகத் திருகி கிளட்சைப் பிடிக்கவைக்கும் பழக்கம் வர எனக்கு மூன்று மாதம் ஆனது. பின் பிரேக் பேட் முன்பைவிட வேகமாகத் தேய்கிறது. தள்ளி ஸ்டார்ட் செய்வதும் முடியாது, ஆகவே பேட்டரியையும் கிக்கரையும் நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும். சரிவில் கியரில் போட்டு நிறுத்திவிட்டுப் போகவும் கூடாது.

அடுத்தது ரப்பர் பேண்ட் சோதனை. இதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முழு கிட்டின் ஆயுளும் இதில்தான் இருக்கிறது. வண்டி நன்றாகச் சூடானதும் நியூட்ரலில் வைத்து, கிளட்ச் லிவரையும் கிரிப்பையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் மாட்ட வேண்டும். ஆக்சிலேட்டரை ஒரு திருகு திருகினால், உள்ளே டிஸ்க் விரிந்து, மற்ற பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைத் தூக்கும், லிவர் தளரும், ரப்பர் பேண்ட் அதைக் கொஞ்சம் கிரிப் பக்கம் இழுக்கும். லிவர் நுனியில் மூன்று முதல் ஆறு மி.மீ. அசைந்தால் நல்லது. அசைவே இல்லையென்றால் பிளேட் முழுதாகப் பிடிக்காமல் வழுக்குகிறது. ரொம்ப அசைந்தால் ஐடிலிலும் உரசிக்கொண்டிருக்கிறது. கிட்டோடு வந்த ஸ்லேவ் சிலிண்டரில் (லிவரின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் பாகம்) உள்ள ஸ்க்ரூவைத் துளி திருப்பினால் சரியாகிவிடும். இரண்டு நிமிட வேலை.

இந்த இரண்டு நிமிடத்தை ஒரு மழைக்காலம் முழுக்க நான் செய்யவில்லை. செம்மண் சேற்றில் வண்டி கனமாக இழுத்தது, எஞ்சின் அலறியும் வேகம் வரவில்லை, சேறுதான் காரணம் என்று நினைத்தேன். கருகல் வாசனை வந்த பிறகுதான் நிறுத்தினேன். வீட்டில் தினத்தந்தி தாளை விரித்து பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். ஸ்டீல் பிளேட்டுகளில் மயில் கழுத்து நீலம் ஏறியிருந்தது. ஃப்ரிக்‌ஷன் பிளேட்டின் முகம் கண்ணாடி போல வழவழப்பு. ஆயிலை வடித்தால் கரி கரைத்த தண்ணீர். அண்ணன் ஒரு பிளேட்டை என் கையில் கொடுத்து, "கிளட்சைக் கை பிடிக்காட்டியும் கண்ணு பிடிக்கணும் தம்பி" என்றார். முழு செட்டும் மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட ரப்பர் பேண்ட் பார்க்காமல் கிளம்பியதில்லை. கியர் ஆயிலும் பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலக்கும் ஆயில் வேறு, கிளட்ச் மூழ்கியிருக்கும் கியர் ஆயில் வேறு. இது ஒரு லிட்டருக்கும் குறைவுதான், மிச்சம் பிடிக்க வேண்டிய இடமில்லை. ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் குறிக்கும் ஜாஸோ எம்.ஏ. தரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் ஐடிலை மறக்கக்கூடாது. டிசம்பர் காலைக் குளிரில் சரியாக வைத்த ஐடில், பதினொரு மணி வெயிலில் மாறிவிடும். ஐடில் ஏறினால் கிளட்ச் பாதி பிடிக்கும், கியரில் நிற்கும்போது வண்டி முன்னால் ஊர்ந்துபோகப் பார்க்கும். கிட்டைக் குறை சொல்லும் முன் ஜெட்டிங்கையும் (கார்புரேட்டர் விடும் பெட்ரோல் அளவு) ஐடில் ஸ்க்ரூவையும் பாருங்கள்.

செலவு, சுங்க வரியோடு ஒரு லட்சத்தைத் தாண்டியது. எங்கள் குழுவில் 22 வயதுப் பையன் ஒருவன், கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது, தனக்கும் போடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் முதலில் லிவரில் ஒரு விரல் வைத்து இந்தப் பாறையை ஏறிப் பழகட்டும், அந்தக் காசுக்கு சஸ்பென்ஷனைச் சரிசெய்து கொள்ளட்டும். போன மாதம் 52 வயது நண்பர் ஒருவர், தோள் ஆபரேஷன் முடிந்து வந்தவர், இதையே கேட்டார். என் வண்டியைக் கொடுத்து அரை நாள் ஓட்டச் சொன்னேன். இறங்கி வந்ததும் அவர் கேட்டது இடது பக்க பிரேக் லிவர் எங்கே கிடைக்கும் என்றுதான்.