ஐரோப்பிய சமூக ஆய்வின் தரவுத்தளம்: கொழும்பிலிருந்து ஒரு பயனாளரின் மதிப்பீடு

வேலை, குடும்ப வாழ்க்கை, நல்வாழ்வு ஆகியவை ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பதைப் படிக்க விரும்பும் எவருக்கும், குறிப்பாகச் சஞ்சிகைச் சந்தா கட்டவோ விலையுயர்ந்த மென்பொருள் வாங்கவோ வசதியில்லாத மாணவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகளின் மக்களிடம் அவர்களது கருத்துகளையும் வாழ்க்கை நிலையையும் கேட்டுப் பதிவுசெய்யும் ஐரோப்பிய சமூக ஆய்வின் தரவுத்தளத்தை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கொழும்பில் சமூகவியல் கற்பிக்கும் நான் பல ஆண்டுகளாக இதனைப் பயன்படுத்திவருகிறேன். பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்துப் பதிவுசெய்தால், வெள்ளவத்தையில் வீட்டு மேசையில் இருந்தபடியே முழுத் தரவுக் கோப்பையும் தரவிறக்கிக்கொள்ளலாம். வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு ஒரு சதமும் கேட்பதில்லை. ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருள் இருந்தால் மேற்கொண்டு எதுவும் வாங்கத் தேவையில்லை.

2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இவ்வாய்வின் முதற்சுற்று 2002இல் 22 நாடுகளில் நடைபெற்றது. அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை நடத்தப்பட்டுவருகிறது. இதனைத் தொடக்கிவைத்து 2011இல் இறக்கும்வரை வழிநடத்தியவர் ரோஜர் ஜோவெல். தலைமையகம் இலண்டனிலும் தரவுக் காப்பகம் நோர்வேயிலும் உள்ளன. எல்லாச் சுற்றுகளிலும் கேட்கப்படும் நிலையான வினாக்களோடு, சுற்றுக்குச் சுற்று மாறும் சிறப்புப் பகுதிகளும் வினாக்கொத்தில் இடம்பெறுகின்றன. என் மாணவர்கள் அதிகம் எடுத்தாளும் ‘குடும்பம், வேலை, நல்வாழ்வு’ என்ற பகுதி 2004ஆம் ஆண்டின் இரண்டாம் சுற்றிலும் 2010ஆம் ஆண்டின் ஐந்தாம் சுற்றிலும் கேட்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே 2008இன் நிதி நெருக்கடி வந்துபோனதால், வேலைப் பாதுகாப்பு குலைந்தபோது வீடுகளுக்குள் என்ன நடந்தது என்பதை ஒரே வினாக்களைக் கொண்டு பார்க்கக்கூடிய அரிய வாய்ப்பு அமைந்துவிட்டது.

இந்தத் தரவை நான் நம்புவதற்கு முதற் காரணம், அது சேகரிக்கப்படும் விதம். பதினைந்து வயதும் அதற்கு மேலும் உடைய, தனியார் வீடுகளில் வாழும் எவரும், எந்த நாட்டவராயினும், தெரிவுசெய்யப்படலாம். வயதுக்கு மேல் எல்லை கிடையாது. எழுமாற்றாகத் தெரிவான ஒருவர் வீட்டில் இல்லையென்றால், அவருக்குப் பதிலாக வேறொருவரைப் பிடித்துக் கேட்க இடமில்லை. நேர்காணலுக்குச் செல்பவர் ஆகக் குறைந்தது நான்கு தடவைகளாவது அந்த வீட்டுக்குச் செல்ல வேண்டும். அவற்றில் ஒன்று மாலைநேரத்திலும் இன்னொன்று வார இறுதியிலும் அமைய வேண்டும். நேரம் கழித்து வீடு திரும்புபவர்களையும் இரண்டு வேலை செய்பவர்களையும் சந்திக்க இதைவிட்டால் வழியில்லை என்பதால், வேலைப்பளு பற்றிய ஆய்வுக்கு இவ்விதி உயிர்நாடியானது. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் தொடர்மாடிக்கு ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்கெடுப்பாளர் முற்பகல் பதினொரு மணிக்கு வந்தார். எதிர்வீட்டில் எவரும் இல்லாததால் எங்கள் வீட்டில் கேட்பதாகச் சொன்னார். நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். என்னுடைய வேலை நேரத்தையும் வேலைத் திருப்தியையும் பற்றிய வினாக்களுக்கு என் மாமியாரே விடை சொல்லி அனுப்பிவைத்தார். அந்தக் கணக்கெடுப்பின் எந்த அட்டவணையில் என் பெயரால் மாமியாரின் கருத்து பதிவாகியிருக்கிறதோ என்ற உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு.

இரண்டாவது காரணம் மொழிபெயர்ப்பு. ஒரு நாட்டின் மக்கள்தொகையில் ஐந்து வீதத்தினருக்காவது தாய்மொழியாக உள்ள ஒவ்வொரு மொழியிலும் வினாக்கொத்து தயாராக வேண்டும் என்பது விதி. எனவே எஸ்தோனியாவில் எஸ்தோனிய மொழியிலும் ரஷ்ய மொழியிலும், சுவிற்சர்லாந்தில் ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளிலும் கேட்கப்படுகிறது. இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, பின்னர் ஒரு குழு கூடி ஒப்பிட்டுத் தீர்மானிக்கிறது. மூலச் சொல் என்ன பொருளில் ஆளப்பட்டது என்ற விளக்கக் குறிப்புகளும் மூல வினாக்கொத்திலேயே தரப்பட்டுள்ளன. சிங்களப் பிரதியிலிருந்து கடைசி வாரத்தில் அவசரமாகத் தமிழாக்கப்பட்ட வினாக்கொத்துகளைக் கையில் வாங்கி வீடுவீடாக அலைந்த அனுபவம் எனக்கு உண்டு என்பதால், அந்தக் குறிப்புகளை முதன்முதலில் வாசித்தபோது எழுந்த மனநிறைவை என்னால் மறக்க முடியாது.

அந்த மனநிறைவோடுதான், குடும்பம் - வேலைப் பகுதியின் சில வினாக்களைத் தமிழாக்கி, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு சிறு முன்னோடி ஆய்வில் கேட்டுப் பார்த்தேன். வேலை முடிந்த பின்னர் வீட்டில் விரும்பியதைச் செய்து மகிழ முடியாத அளவுக்குக் களைப்பு எத்தனை தடவை ஏற்படுகிறது என்பது ஒரு வினா. பாடசாலை ஆசிரியை ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து, “எந்த வேலைக்குப் பிறகு, பிள்ளை? பள்ளிக்கூட வேலைக்குப் பிறகோ, வீட்டு வேலைக்குப் பிறகோ?” என்று திருப்பிக் கேட்டார். மூலத்தில் அந்தச் சொல் சம்பளத்துக்குச் செய்யும் வேலையையே குறிக்கிறது. தமிழில் அடுப்படியும் வேலைதான், அலுவலகமும் வேலைதான். ‘சம்பள வேலை’ என்று மாற்றி எழுதினோம். ஆனால் வீட்டில் தைத்துக் கொடுப்பவர்களும் மாலையில் ரியூசன் வகுப்பு எடுப்பவர்களும் தாங்கள் சம்பளம் வாங்கவில்லை என்று ஒதுங்கிவிட்டார்கள். இறுதியில் ‘வருமானத்துக்காகச் செய்யும் வேலை’ என்பதே பொருந்தியது. இந்த ஒரு சொல்லுக்கு எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

மகிழ்ச்சி, திருப்தி என்ற இரண்டையும் இவ்வாய்வு தனித்தனி வினாக்களாக, பூச்சியம் முதல் பத்து வரையான அளவுகோலில் கேட்கிறது. இது வீண் இரட்டிப்பு என்று சில மாணவர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிள்ளைகள் படித்து ஆளாகிவிட்டார்கள் என்ற திருப்தியோடு, அவர்கள் கனடாவிலும் இலண்டனிலும் இருப்பதால் மகிழ்ச்சியில்லாமல் வாழும் பெற்றோர் எங்கள் ஒழுங்கையிலேயே எத்தனையோ பேர்.

தரவைக் கையாளும்போது ஒரு விடயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். விடையளிக்க மறுத்தவர்களுக்கு 77, தெரியாது என்றவர்களுக்கு 88, விடை பதிவாகாதவர்களுக்கு 99 என்ற குறியீடுகள் பூச்சியம் முதல் பத்து வரையான இந்த வினாக்களில் இடப்பட்டுள்ளன. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளுக்கான கோப்பில் இவை விடுபட்ட பெறுமானங்களாக, அதாவது கணிப்பில் சேராதவையாக, முன்கூட்டியே அடையாளமிடப்பட்டிருக்கும். சிஎஸ்வி எனப்படும் வெறும் எழுத்துக் கோப்பில் சாதாரண எண்களாகவே நிற்கும். 1,500 பேர் கொண்ட ஒரு நாட்டில் சராசரி 7 என்று வைத்துக்கொள்வோம். ‘தெரியாது’ என்ற பத்துப் பேரின் 88ஐ நீக்க மறந்தால், சராசரி 7.5ஐத் தாண்டிவிடும். அந்த எண்ணில் ஐயப்படும்படி எதுவும் தென்படாது. ஆனால் அந்த அரைப் புள்ளிதான் பல சமயங்களில் இரு நாடுகளுக்கு இடையிலுள்ள முழு வேறுபாடும். இக்குறியீடுகள் ஆவணத்தில் தெளிவாகவே விளக்கப்பட்டுள்ளன என்றாலும், தரவிறக்கும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எச்சரித்திருக்கலாம். மாதிரியை மக்கள்தொகைக்கு ஏற்பச் சீராக்கும் நிறையளிப்பு மாறிகளுக்கும் இதே குறையைச் சொல்வேன்: அவற்றைப் பயன்படுத்தாமல் கணித்தவற்றை வெளியிடக்கூடாது என்பது புதியவர்களுக்குத் தாமதமாகவே தெரியவருகிறது.

ஆய்வின் குறைகளும் சிறியவையல்ல. ஒவ்வொரு சுற்றிலும் வேறு ஆட்களிடமே கேட்கப்படுவதால், ஒரே குடும்பம் குழந்தை பிறந்த பின்னர் எப்படி மாறியது என்று இதில் பின்தொடர முடியாது. குடும்பம் தொடர்பான வினாக்கள் பெரும்பாலும் துணைவரையும் பிள்ளைகளையும் சுற்றியே அமைந்திருப்பதால், பேரப்பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிச்செல்லும் அம்மம்மாவையும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அண்ணனையும் நம்பி ஓடும் எங்கள் வீடுகளுக்கு இவ்வினாக்களை அப்படியே பொருத்துவது சரியாகாது. 2020ஆம் ஆண்டுக்குரிய பத்தாம் சுற்றில், பெருந்தொற்றினால் சில நாடுகள் நேர்காணலைக் கைவிட்டு மக்களே வினாக்கொத்தை நிரப்பும் முறைக்கு மாறின. அந்நாடுகளின் முடிவுகளை முந்திய சுற்றுகளோடு ஒப்பிடுபவர்கள் இதனைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

டென்மார்க் உச்சியில், பல்கேரியா அடியில் என்று தரப்படுத்திக் காட்டுவதோடு நின்றுவிடும் செய்திகளுக்கு இத்தரவு பயன்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. தரவரிசையோடு வேலைச் சட்டங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணிப்புரைப்படி (உறுப்பு நாடுகள் சட்டமாக்க வேண்டிய விதி), மேலதிக நேரத்தையும் சேர்த்துச் சராசரி வார வேலை நேரம் 48 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. ஆண்டுக்கு நான்கு வாரச் சம்பள விடுமுறை உண்டு. 2019இன் பணிப்புரை தந்தையருக்குப் பத்து வேலைநாள் விடுமுறை தருகிறது. இங்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்றுதான் சொல்கிறது. இருந்தும் வேலைவயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே எங்கள் தொழிற்படையில் இருக்கிறார்கள். சட்டத்தின் மணித்தியாலக் கணக்குக்கும் கொழும்பின் காலி வீதியில் பேருந்தில் நின்றபடி வீடு திரும்பும் பெண்ணின் நாளுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதை அறிய, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வோடு இவ்வினாக்களைச் சேர்த்து வாசிப்பதே நல்ல தொடக்கம்.

புதிதாக வருபவர் இரண்டாம், ஐந்தாம் சுற்றுகளின் வினாக்கொத்துகளை முதலில் முழுமையாக வாசித்துவிட்டு, ஒரேயொரு நாட்டின் தரவோடு தொடங்குவது நல்லது. தொழில் நிலைமைகளையும் வாழ்க்கைத் தரத்தையும் இன்னும் விரிவாகத் தேடுபவர்கள், டப்ளினிலுள்ள யூரோபவுண்ட் என்ற ஐரோப்பிய ஒன்றிய நிறுவனம் 2003 முதல் 2016 வரை நான்கு தடவைகள் நடத்திய வாழ்க்கைத் தர ஆய்வையும் பார்க்கலாம். ஐரோப்பிய சமூக ஆய்வு இப்போது நேர்காணல் முறையிலிருந்து, இணையத்திலும் தாளிலும் மக்களே நிரப்பும் முறைக்கு மாறிவருகிறது. செலவும் மறுப்போர் தொகையும் கூடிவருவதால் இந்த மாற்றம் தவிர்க்க முடியாதது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் அந்த ஆசிரியையைப் போல, வினாவைக் கேட்டுவிட்டு எந்த வேலை என்று திருப்பிக் கேட்பவரின் குரல் இனி எப்படிப் பதிவாகும் என்பதை இந்நிறுவனத்தார் தங்கள் முறையியல் அறிக்கைகளில் விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.