காசியில் அதிகாலைப் படகு: எங்கே ஏறி எங்கே இறங்குவது

காசிக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது படகு ஏறிவிடுகிறார்கள். ஆனால் வழக்கமான ஒரு மணி நேரச் சவாரியில் பாதி ஊர்தான் கண்ணில் படும். அஸ்ஸி காட்டில் (காட் என்றால் படித்துறை) ஏற்றி, தசாஸ்வமேதமோ மணிகர்ணிகையோ வந்ததும் திருப்பிவிடுவார்கள். பக்திக் கவி கபீரின் பெயரோடு கலந்துவிட்ட பஞ்சகங்கா காட் அதற்கும் வடக்கே இருக்கிறது. அதனால் பேரம் பேசும்போதே "பஞ்சகங்கா வரை, ஒருவழி, துடுப்புப் படகு, முழுப் படகுக்கும் சேர்த்து" என்று சொல்லிவிடுங்கள். தலைக்கு இவ்வளவா, படகுக்கு இவ்வளவா என்று கேட்காமல் ஏறினால் இறங்கும்போது தகராறு நிச்சயம்.

ஒருவழி போதும். கங்கை இங்கே தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. போகும்போது சுமார் மூன்றரை கி.மீ. தூரமும் நீரே இழுத்துக்கொண்டு போகும். திரும்பும்போது எதிர்நீரில் துடுப்புப் போட வேண்டும். கூலியும் நேரமும் அதில்தான் கரைகின்றன. மோட்டார் படகு சீக்கிரம் போகும், ஆனால் நடு ஆற்றிலேயே போவதால் படித்துறைகள் வெறும் வரிசையாகத்தான் தெரியும்.

விடிவதற்கு அரை மணி முன்பே ஏறிவிடுங்கள். படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில். எதிர்க்கரை வெறும் மணல்திட்டு. முதல் வெயில் மறைப்பே இல்லாமல் படிகளில் வந்து விழும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி இந்தக் காட்சியை விழுங்கிவிடும். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறினால் படகையே நிறுத்திவிடுவார்கள்.

அஸ்ஸியைத் தாண்டிச் சற்று தூரத்தில் வருவது துளசி காட். 1623-இல் மறைந்த துளசிதாசர் வாழ்ந்த இடம். சற்றுத் தள்ளிக் கோட்டைச் சுவர் ஒன்று ஆற்றுக்கு நேராக எழும்பி நிற்கும். 1781-இல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸை எதிர்த்த காசி அரசர் சேத் சிங்கின் கோட்டை அது. அனுமன் காட்டில் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி முன்பே பேசிக்கொள்ளுங்கள். பாரதியார் 1898 முதல் 1902 வரை தங்கியிருந்த அத்தை வீடு சந்துக்குள் இருக்கிறது, ஆற்றிலிருந்து தெரியாது. ஹரிச்சந்திர காட்டில் சிதை எரியும்போது படம் எடுக்காதீர்கள். அதைத் தாண்டினால் கேதார் காட். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய சுவரைப் பார்த்ததுமே நம் ஊர்க் கோயில் மதில் ஞாபகம் வரும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து 'காசிக் கலம்பகம்' பாடிய குமரகுருபரரின் மடம் இந்தப் படித்துறையை ஒட்டித்தான் இருக்கிறது.

பஞ்சகங்காவில்தான் வைணவ குரு ராமானந்தர் இருட்டில் நீராட இறங்கியபோது படியில் படுத்திருந்த கபீரை மிதித்துவிட்டு "ராம்" என்றார் என்றும், அந்தச் சொல்லையே கபீர் உபதேசமாக எடுத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். 1887-இல் மறைந்த துறவி திரைலிங்க சுவாமியின் மடமும் இங்கேயே. மேலே ஔரங்கசீப் கட்டிய ஆலம்கீர் மசூதி. மூன்றும் ஒரே பார்வைக்குள் அடங்கும் இந்த இடத்துக்காகவே படகுக் கூலி கொடுக்கலாம்.

இங்கே படிகள் செங்குத்தானவை. வெள்ளம் வடிந்த புதிதில் வண்டல் படிந்து வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் படகிலிருந்தே பார்த்துவிட்டு, இன்னும் வடக்கே நமோ காட்டில் இறங்குவது நல்லது; அங்கே சாலை பக்கத்திலேயே வருகிறது.