மட்டக்களப்பு கடல்ல மூழ்கிக் கிடக்குற கப்பலைப் பார்க்க ஸ்கூபா டைவ் பண்ணணும்னா ஹெர்மிஸா, பிரிட்டிஷ் சார்ஜென்ட்டா?

ரெண்டு கப்பலும் ஒரே நாள்ல மூழ்குனதுதான், 1942 ஏப்ரல் 9, ஜப்பான் விமானங்க குண்டு போட்டு. ஹெர்மிஸ் சாதாரண கப்பல் இல்ல, விமானந்தாங்கிக் கப்பலா இருக்கணும்னே வரைஞ்சு கட்ட ஆரம்பிச்ச முதல் கப்பல், 183 மீட்டர் நீளம். முந்துன ராத்திரிதான் தாக்குதல் வரப்போகுதுன்னு திருகோணமலையை விட்டுக் கிளம்புச்சு, ஆனா அன்னைக்குக் கப்பல்ல அதோட விமானம் ஒண்ணுகூட இல்ல. 307 பேர் செத்தாங்க, கேப்டனும் கூடவே போயிட்டார். பிரிட்டிஷ் சார்ஜென்ட் எண்ணெய்க் கப்பல், பாசிக்குடா பக்கம் கிடக்கு.

பேரைக் கேட்டா எல்லாரும் ஹெர்மிஸ்னுதான் சொல்வாங்க. நான் சார்ஜென்ட்டைத்தான் எடுத்தேன், டைவிங்ல அட்வான்ஸ்டு லெவல் பயிற்சி முடிச்ச யாருக்கும் அதையேதான் சொல்வேன்.

சீசன்ல பெரிய வித்தியாசம் இல்ல, கிழக்குக் கரைன்றதால ரெண்டுக்குமே மே முதல் செப்டம்பர் வரைதான் கடல் நல்லாருக்கும். ரெண்டுக்குமே போட்லதான் போகணும்.

முடிவு பண்றது ஆழம்தான், சரியா சொன்னா அந்த ஆழம் உங்க சிலிண்டரை என்ன பண்ணுதுன்றது. சார்ஜென்ட்டோட அடி மணல் 24 மீட்டர் வாக்குல. ஹெர்மிஸுக்கு 50 மீட்டரைத் தாண்டும், அதோட மேல் பக்கமே 40க்குக் கீழதான், அதாவது ரெக்ரியேஷனல் லிமிட், அதான் பொழுதுபோக்கு டைவிங்கோட ஆழ எல்லை, முடியுற இடத்துலதான் கப்பலே ஆரம்பிக்குது. தண்ணிக்கு மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் காத்து இழுக்குற ஆளுன்னு வச்சுக்கோங்க, 24 மீட்டர்ல அழுத்தம் 3.4 பார், அப்போ நிமிஷத்துக்கு 68 லிட்டர் போகும், 50 மீட்டர்ல 6 பார், 120 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டர் 200 பார்ல நிரப்பி 50 பார் ரிசர்வ் விட்டா கையில இருக்குறது 1650 லிட்டர், சார்ஜென்ட்ல 24 நிமிஷம் வரும், ஹெர்மிஸ்ல 13தான், அதுலயும் ஏறுறதுக்கும் டெகோ நிறுத்தத்துக்கும் (உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேற, ஏறுற வழியில நின்னு நின்னு வர்றது) இன்னும் கணக்கே போடல. அதனால ஹெர்மிஸுக்கு ட்வின் செட் (முதுகுல சேர்த்துக் கட்டுன ரெண்டு சிலிண்டர்), டெகோவுக்குத் தனி சிலிண்டர், ரெண்டையும் கையாளப் பழகுன பார்ட்னர், இதெல்லாம் இல்லாம பேச்சே கிடையாது. அடியில 20 நிமிஷம் நின்னா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு கிட்டத்தட்ட அதே அளவுக்கோ அதுக்கு மேலயோ தொங்கணும், நடுக்கடல்ல கரண்ட் இழுக்குறப்போ அது சாதாரண விஷயம் இல்ல. வெறும் காத்துல போனா நைட்ரஜன் மயக்கம் வேற, அவ்வளவு தூரம் போயி பார்த்ததுல பாதி ஞாபகம் இருக்காது. ட்ரைமிக்ஸ், அதாவது ஹீலியம் கலந்த காத்து போட்டா மயக்கம் குறையும், ஆனா ஹீலியம் செலவு ஜாஸ்தி, நாம போற தேதிக்கு அங்க ஸ்டாக் இருக்கணும்.

சார்ஜென்ட்ல நைட்ராக்ஸ் 32 (32% ஆக்சிஜன் இருக்குற காத்து) போட்டுட்டேன், அதோட ஆழ லிமிட் 33 மீட்டர்ன்றதால பயமில்ல, டெகோ இல்லாம இருக்குற நேரமும் நல்லாவே கூடுது. அவசரமே இல்ல. உடைஞ்ச இரும்புத் தகட்டுக்குக் கீழ டார்ச் அடிச்சா மேலிருந்து வெறும் பழுப்பாத் தெரிஞ்ச இடம் ஆரஞ்சும் செவப்புமா மாறுது, அந்த ஓரத்துல மஞ்சள் கீளி மீன் கூட்டம் ஒண்ணு அப்படியே நிக்குது, நாம மூச்சு விட்டா மட்டும் கொஞ்சம் விலகிட்டுத் திரும்ப அதே இடத்துக்கு வருது. இதையெல்லாம் நின்னு பார்க்க நேரம் வேணும், அந்த நேரம்தான் சார்ஜென்ட் குடுக்குறது.

ஹெர்மிஸ்ல நான் இறங்குனதில்ல, அதனால கீழ எப்படி இருக்கும்னு இறங்குனவங்க சொன்னதை வச்சுத்தான் பேசுறேன். தண்ணி தெளிவா இருந்தா அவ்வளவு பெரிய உடம்பு மொத்தமாத் தெரியுறப்போ வேற எதுவுமே ஈடாகாதுங்கிறாங்க, நம்புறேன். டெக்னிக்கல் டைவிங் சர்டிபிகேட் இருக்குறவங்க, 45 மீட்டரைத் தாண்டுன ஆழத்துல டெகோ டைவ் பழகுனவங்க தாராளமாப் போகலாம், ஆனா அது சாவு விழுந்த கப்பல்னு மனசுல வச்சுக்கோங்க, உள்ள கையை விட்டு எதையும் எடுக்க வேணாம்.

எதுக்குப் போனாலும் புக் பண்றப்போ மூணு விஷயம் கேளுங்க: போட்ல ஆக்சிஜன் கிட் இருக்கா, கிட்டத்துல எந்த ஊர்ல சேம்பர் (டைவிங்ல அழுத்தக் கோளாறு வந்தா சிகிச்சை குடுக்குற அறை) இருக்கு, ஹெர்மிஸ்னா டெகோ சிலிண்டருக்கு யாரு பொறுப்பு. திரும்புற ஃப்ளைட்டுக்கும் கடைசி டைவுக்கும் நடுவுல சார்ஜென்ட்னா 18 மணி நேரம், டெகோ பண்ணிருந்தா ஒரு முழு நாளோ அதுக்கு மேலயோ விட்டு டிக்கெட் போடுங்க, கொழும்பு வரைக்கும் ரோட்டுல வர்ற நேரம் இதுக்குள்ளயே அடங்கிடும்.