மானியம் வாங்கித் தருகிறேன் என்று வந்தவரிடம் எங்கள் சங்கத்தின் பெயரைக் கொடுத்தோம்

இதை எழுத நான்கு மாதம் தயங்கினேன். சங்கத்திலேயே சிலர், “வேணாம்க்கா, நம்ம மானம்தான் போகும்” என்றார்கள். போன வாரம் இங்கே சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் துணைப்பாட வகுப்பு நடத்தும் ஒரு குழுவிலிருந்து போன் வந்தது. அதே ஆளின் பெயரைச் சொல்லி, “இவரை நம்பலாமா?” என்று கேட்டார்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது நான் செய்யும் தப்பு.

உட்லண்ட்ஸில் வாடகை வீடுகள் இருக்கும் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். சங்கங்கள் பதிவகத்தில் பதிந்த சின்னச் சங்கம். 34 பிள்ளைகள், 7 தொண்டூழியர்கள், தள்ளுவண்டியில் இரண்டு பெட்டிப் புத்தகங்கள். செலவு உறுப்பினர் சந்தாவிலும் எங்கள் கைக்காசிலும் ஓடுகிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, புதுப் புத்தகங்களும் பிள்ளைகளுக்குப் பசியாற ஏதாவதும் வாங்கினால் ஆண்டுக்கு 9,600 வெள்ளி ஆகும் என்று எங்கள் பொருளாளர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவ்வளவுதான் எங்கள் தேவை. அதற்காகத்தான் பெருநிறுவன அறக்கட்டளைகளிடம் போகலாம் என்று யோசித்தோம்.

அந்த மனிதரைச் சந்தித்தது ஏப்ரலில், தமிழ்மொழி விழா நிகழ்ச்சி ஒன்றின் தேநீர் இடைவேளையில். நாற்பது வயதுக்குள் இருக்கும். நன்றாகத் தமிழ் பேசினார். எங்கள் வகுப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, “அக்கா, நீங்க பண்றது பெரிய வேலை. பெரிய கம்பெனிங்க அறக்கட்டளையில காசு கொட்டிக் கிடக்கு, கேக்கத் தெரிஞ்சவன் வாங்கிட்டுப் போறான். உள்ள எனக்கு ஆளு இருக்காங்க” என்றார். இத்தனை வருஷத்தில் எங்கள் வேலையைப் பெரிய வேலை என்று வெளியாள் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தச் சொல்லில் நான் விழுந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அவர் கேட்டது முன்பணமாக 2,800 வெள்ளி. மானியம் வந்ததும் அதில் 15 விழுக்காடு. பொருளாளர் ஐயா கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் உடனே கேட்டார்: “மானியக் காசை ஒப்புக்கிட்ட செலவுக்குத்தான் எடுக்க முடியும். இந்தப் பதினஞ்சை எந்தத் தலைப்புல எழுதறது தம்பி?” அதற்கு வந்த பதில், “அதெல்லாம் வேற பேர்ல போட்டுக்கலாம்ங்க ஐயா.” அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். நிதி திரட்டுவதைத் தொழிலாகச் செய்பவர்களின் அனைத்துலகச் சங்கம் ஒன்று இருக்கிறது. திரட்டும் பணத்தில் விழுக்காட்டுக் கணக்கில் பங்கு வாங்கக் கூடாது என்று அதன் நெறிமுறையே சொல்கிறது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததற்குக் கூலி வாங்குவது வேறு, பிள்ளைகளுக்கு வந்த பணத்தில் பங்கு கேட்பது வேறு. இது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்து, அமைப்புகள் அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையப் பயன்படுத்தும் கார்ப்பாஸில் சங்கத்தின் பயனராகத் தன்னைச் சேர்க்கச் சொன்னார் அந்த மனிதர். அரசாங்க மானியங்களுக்கும் தானே விண்ணப்பித்துவிடுவாராம். ஐயா மறுத்துவிட்டார். “அதுல சேத்துட்டா சங்கத்து பேர்ல நீங்க எது வேணா செய்யலாமே” என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். அன்று ஐயாமேல் எனக்கு வருத்தம்கூட. நல்லது செய்ய வந்தவரிடம் இப்படியா பேசுவது என்று நினைத்தேன். இன்று அவருக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

பணத்தை நான்தான் அனுப்பினேன், என் சொந்தக் கணக்கிலிருந்து. பிறகு சங்கத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. பேநவ் வழியாக, அதாவது வங்கியிலிருந்து உடனடியாகப் பணம் அனுப்பும் முறையில், அனுப்பச் சொன்னது நிறுவனப் பதிவெண்ணுக்கு இல்லை, அவருடைய கைப்பேசி எண்ணுக்கு. ரசீது கேட்டபோது வாட்ஸ்அப்பில் “பெற்றுக்கொண்டேன்” என்று ஒரு வரி வந்தது. அதோடு சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், விதிமுறை, கணக்கு, செயற்குழுப் பட்டியல் எல்லாம் அனுப்பினோம். “கையெழுத்தையும் முத்திரையையும் வெள்ளைத் தாள்ல போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்புங்கக்கா, ஒவ்வொரு தடவையும் உங்களைத் தொல்லை பண்ண வேணாம்” என்றார். அனுப்பினேன்.

விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் படிக்கக் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். கடைசி நேரம், இன்று இரவோடு முடிகிறது, பிறகு காட்டுகிறேன் என்றார். பிறகு காட்டவே இல்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலையிடத்தில் இருந்தபோது ஒரு போன். பெரிய நிறுவனம் ஒன்றின் அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண் அதிகாரி, மிகத் தன்மையாகப் பேசினார். உங்கள் திட்டத்தைப் படித்தோம், 320 பிள்ளைகள் படிக்கும் நான்கு நிலையங்களில் ஒன்றை நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. எங்களிடம் நிலையமே இல்லை, கீழ்த்தளத்து மேசைகள்தான் என்றேன். அந்தப் பக்கமும் அமைதி. பிறகு அவர், எங்கள் பெயரில் வந்த விண்ணப்பத்தின் நகலை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். மொத்தம் 14 பக்கம். முதல் பக்கத்தில் எங்கள் சங்கத்தின் பெயர், கீழே என் கையெழுத்து. நான் வெள்ளைத் தாளில் போட்ட அதே கையெழுத்து, ‘ல’வின் வால் நீண்டிருப்பதுகூட அப்படியே. கேட்ட தொகை 85,000 வெள்ளி. நான்காம் பக்கத்தில் ஒரு படம்: பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து எழுதுகிறார்கள், பின்னால் பச்சைக் கரும்பலகை, நீலச் சீருடை. எங்கள் பிள்ளை ஒன்றுகூட அதில் இல்லை. அது சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடமே இல்லை. பதினோராம் பக்கத்தில், திட்டத்தால் வரும் பலன் என்ற தலைப்பின் கீழ், முதியோர் கீழே விழுவது எவ்வளவு குறையும் என்று எழுதியிருந்தது. வேறு யாருக்கோ எழுதியதை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார், அதையும் முழுதாக மாற்றவில்லை. 34 என்ற எண் அந்த 14 பக்கத்தில் ஓர் இடத்திலும் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை நடுங்க வைத்தது ஒன்பதாம் பக்கம். எங்களுக்கு நன்கொடை கொடுத்தால் நிறுவனத்துக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு என்று எழுதியிருந்தார். நாங்கள் பதிவுபெற்ற அறநிறுவனம்கூட இல்லை, வெறும் சங்கம். அந்த வரிக்கழிவு ஐபிசி என்ற பொதுநலத் தகுதி பெற்ற அமைப்புகளுக்குக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான். 10,000 வெள்ளி கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 25,000 கழியும் என்பதால் கொடுப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். அந்தத் தகுதிக்கு விதிகள் உண்டு. பயன் ஓர் இனத்தாருக்கோ ஒரு சமயத்தாருக்கோ மட்டும் என்று சுருங்கக் கூடாது என்பது அதில் ஒன்று. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித்தரும் எங்களைப் போன்றவர்களுக்கு அது இலேசில் கிடைக்காது. இல்லாத தகுதியை என் கையெழுத்தின் மேல் எழுதியிருக்கிறார். யார் அறநிறுவனம், யாருக்கு ஐபிசி தகுதி என்பதை அறநிறுவன ஆணையரின் இணையவாசலில் பெயரைத் தட்டி யாரும் இரண்டே நிமிஷத்தில் பார்க்கலாம். அந்த அதிகாரியும் பார்த்திருப்பார். பார்த்த பிறகும் மரியாதையாகப் பேசினார் என்பதை நினைத்தால் இன்னமும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் அந்த அதிகாரிக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகக் கடிதமும் கொடுத்தோம். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார்: 34 பிள்ளைகள் என்பது ஒரு குறையே இல்லை, சின்னக் குழுவுக்கு ஓராண்டு முன்னோட்டமாகக் கொடுப்பது உண்டு, ஆனால் இந்தச் சுற்றில் உங்கள் பெயரை இனி எடுக்க முடியாது. உள்ளே அந்த மனிதருக்குத் தெரிந்த ஆள் யாரும் உண்டா என்றும் கேட்டேன். விண்ணப்பங்களைப் படிக்க ஒரு குழு இருக்கிறது, முடிவு செய்ய ஒரு வாரியம் இருக்கிறது, தனியாள் யாரும் கொடுக்க முடியாது என்றார். விண்ணப்பிக்கக் கட்டணமும் கிடையாது. சந்தேகம் கேட்க ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது, எழுதினால் பதில் வந்திருக்கும். இதற்குத்தான் 2,800 வெள்ளி கொடுத்து ஆள் வைத்தேன்.

இந்த நான்கு மாதத்தில் நான் தெரிந்துகொண்டவை வேறு குழுக்களுக்கு உதவலாம். பெருநிறுவன அறக்கட்டளைகள் பல, அறநிறுவனமாகப் பதிந்தவர்களுக்கோ ஐபிசி தகுதி உள்ளவர்களுக்கோ மட்டும்தான் கொடுக்கின்றன. அந்த ஒரு வரியை முதலில் படித்தால் பாதி அலைச்சல் மிச்சம். சில, கேட்காமல் வரும் விண்ணப்பங்களை வாங்குவதே இல்லை. வாங்குகிறவர்கள் பார்ப்பது தணிக்கை செய்த கணக்கு, செயற்குழுவில் யார் யார், யாருக்கு என்ன மாறும், அதை எப்படி அளப்பீர்கள் என்பவை. பணமும் பெரும்பாலும் ஒரே தடவையில் வராது. தவணை தவணையாக, அறிக்கையும் ரசீதும் கொடுத்த பிறகே வரும். ஆகவே “85,000 கையில வந்துடும்” என்று ஒருவர் சொன்னாலே அவருக்கு இந்த வேலை தெரியாது என்று அர்த்தம்.

தமிழ் சார்ந்த வேலைக்கு மட்டும் உதவி வேண்டுமென்றால் பெருநிறுவனத்துக்குப் போவதற்கு முன்பே தட்ட வேண்டிய கதவுகள் இருந்தன. கல்வி அமைச்சின் ஆதரவில் 2006 முதல் இயங்கும் தமிழ்மொழி கற்றல் வளர்ச்சிக் குழு, வளர்தமிழ் இயக்கம், பிள்ளைகளின் படிப்பு என்றால் 1991 முதல் இருக்கும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா. நாங்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவராவது “அந்த ஆளா?” என்று சொல்லியிருப்பார்கள்.

பணத்துக்காகச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போனேன். 20,000 வெள்ளி வரை உள்ள வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளையும் பேநவ் பதிவையும் தேதி வாரியாக அச்செடுத்துக் கொண்டுபோனேன். அவர் வந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. 1,800 வெள்ளி திருப்பித் தருவதாக ஒத்துக்கொண்டார். இதுவரை 900 வந்திருக்கிறது. கையெழுத்து விஷயத்தைப் போலிஸில் புகார் செய்திருக்கிறேன், அதைப் பற்றி இங்கே மேற்கொண்டு எழுதுவது முறையில்லை. அவர் பெயரையும் அதனால்தான் போடவில்லை.

இந்தப் பதிவைப் படிக்கும் குழுக்களில் யாராவது வெள்ளைத் தாளில் கையெழுத்தும் முத்திரையும் போட்டு யாருக்காவது அனுப்பியிருந்தால், பணம் போனதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே ஏதாவது போயிருக்கிறதா என்று அறக்கட்டளைகளுக்கு நேரே எழுதிக் கேளுங்கள். ஐயா சொல்லி நாங்கள் அப்படி ஒன்பது இடங்களுக்கு எழுதினோம். இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்தது: அதே 14 பக்கம் அங்கேயும் போயிருக்கிறது. ஒன்றில் பிள்ளைகள் 320, இன்னொன்றில் 450. இரண்டுக்கும் திரும்பப் பெறும் கடிதத்தை நானே எழுதி, நானே பேனாவால் கையெழுத்துப் போட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.