உறுமியைச் சாம்பிள் செய்ய: பிஓ-33ஆ, வோல்கா சாம்பிள் 2ஆ?

இரண்டுமே சாம்பிளர்கள், அதாவது பதிந்த ஒலித் துண்டுகளை (சாம்பிள்) வைத்து வாசிக்கும் சிறு கருவிகள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் போகும் உறுமி மேளத்தை அங்கேயே பிடிக்க பிஓ-33 தான் சரி. மைக் உள்ளேயே இருக்கிறது, இரண்டு ஏஏஏ பேட்டரி போதும். ஆனால் நினைவகம் மொத்தமே 40 விநாடி. அதனால் கைப்பேசியில் பதிந்ததை இரட்டை வேகத்தில் ஓட்டி ஏற்றுங்கள், பிறகு கருவியில் ஒரு ஸ்தாயி இறக்குங்கள். பாதி இடம் மிச்சம். உச்ச ஒலிகள் மங்கும். உறுமியின் முனகலுக்கு அது குறையே இல்லை. சலங்கைக்கு மட்டும் இந்த வழி வேண்டாம், கிணுகிணுப்பே போய்விடும். பின்பக்கம் வெறும் சர்க்யூட் போர்டு, கோலாலம்பூர் புழுக்கத்தில் வியர்வைக் கை படும், உறை கட்டாயம்.

வோல்காவில் மைக் கிடையாது. கணினியில் வெட்டி யூஎஸ்பியில் ஏற்ற வேண்டும். ஆனால் 130 விநாடி, 200 சாம்பிள், சேர்ந்து ஒலிக்க 10 பகுதி, மற்ற இசைக்கருவிகளிலிருந்து இதை இயக்க மிடி உள்ளீடு: மேடைக்கு இதுதான்.