குச்சியா, குழாயா? பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பெருங்குடல் புற்றுநோயை அறிகுறி வருவதற்கு முன்பே பிடிக்க இரண்டு வழிகள் பல காலமாகப் போட்டி போடுகின்றன. ஒன்று, ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத அளவில் மலத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் 'ஃபிட்' பரிசோதனை. அமெரிக்கா பெரும்பாலும் குழாயின் பக்கம். 2000-ஆம் ஆண்டில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கேட்டி கூரிக் தனக்குச் செய்த கொலோனோஸ்கோப்பியை நாடே பார்க்க ஒளிபரப்பினார். அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், கூடுதல் ஆபத்து இல்லாதவர்களுக்கும் 2001 முதல் அதற்குப் பணம் கொடுக்கிறது. ஜப்பான் 1992 முதலும், நெதர்லாந்து 2014 முதலும், இங்கிலாந்து 2019 முதலும் ஃபிட்டின் பக்கம். சிங்கப்பூரிலும் 50 வயதைத் தொட்டவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது ஃபிட்தான்.

தமிழ்நாட்டில் இரண்டு பக்கமும் இல்லை. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றோடு நிற்கிறது. இந்தியாவில் இந்நோய் மேலை நாடுகளைவிடக் குறைவு என்பதால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் இதனால் முடிவெடுக்கும் பொறுப்பு தனி ஆளின் தலையில் விழுகிறது. கையில் காசு உள்ளவர் 'எதற்கு வம்பு, உள்ளே விட்டே பார்த்துவிடலாம்' என்கிறார். மற்றவர்கள் ஒன்றுமே செய்வதில்லை. நடுவில் இருக்கும் ஃபிட்டை, கொலோனோஸ்கோப்பிக்கு வசதி இல்லாதவர்களுக்கான மட்டமான மாற்று என்றே பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை என்பதுதான் என் கட்சி.

முதலில் இரண்டும் எதைத் தேடுகின்றன என்று பார்ப்போம். பெருங்குடலின் உட்சுவரில் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி தோன்றுகிறது. பெரும்பாலானவை எதுவும் செய்யாமல் கிடக்கும். சில மட்டும் பெரிதாகி, பொதுவாக 10 ஆண்டு அளவில், புற்றாக மாறும். வயது, குடும்பத்தில் இந்நோய், புகை, மது, உடல் பருமன், அசையாத வாழ்க்கை, நீண்ட நாள் குடல் அழற்சி ஆகியவை ஆபத்தைக் கூட்டும். பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் அறிவித்தது. சாசேஜ், சலாமி எல்லாம் அதில் அடக்கம். நம் ஊர் ஆட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சி அதற்கு ஒரு படி கீழே, 'அநேகமாக உண்டாக்கும்' என்ற வரிசையில் இருக்கிறது.

அந்தப் 10 ஆண்டு அவகாசம்தான் கொலோனோஸ்கோப்பியின் பலம். பாலிப்பைப் பார்த்த இடத்திலேயே கம்பி வளையம் போட்டு வெட்டி எடுத்துவிடலாம். கண்டுபிடிப்பும் சிகிச்சையும் ஒரே மேசையில் முடிகிறது. எல்லாம் சுத்தமாக இருந்தால் அடுத்த 10 ஆண்டுகளுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். ஒரே ஒரு முறை செய்யும் பரிசோதனை என்று பார்த்தால் இதற்கு நிகர் எதுவும் இல்லை. இதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

சிக்கல் எல்லாம் முந்தைய நாளில். இரண்டு நாள் முன்பே கீரை, கொய்யா, விதையுள்ள காய்களை நிறுத்திவிட்டு இட்லி, தயிர் சாதம் என்று இறங்க வேண்டும். முந்தைய நாள் இளநீர், தெளிந்த ரசம், பால் சேர்க்காத டீ என்று நீராகாரம். அப்புறம் வருகிறது பேதி மருந்து. பொடியை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, 10, 15 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்க வேண்டும். உப்பும் இனிப்பும் கலந்த ஒரு வழவழப்பு. முதல் இரண்டு டம்ளர் தாராளமாக இறங்கும். நான்காவதில் வயிறு உப்பிக்கொண்டு குமட்டும். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பிறகு குடித்தால் கொஞ்சம் தேவலை. பாதியை முந்தைய இரவும் மீதியை அன்று அதிகாலையும் குடிப்பதுதான் இப்போது பரவலாகச் சொல்லப்படும் முறை, குடல் அப்படித்தான் நன்றாகச் சுத்தமாகிறது. கடைசியில் போவது வெளிறிய மஞ்சள் நிறத் தண்ணீராக இருக்க வேண்டும். கலங்கலாகப் போனால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மயக்க ஊசி போடுவதால் பரிசோதனை பெரும்பாலும் தெரியாமலே முடிந்துவிடும். ஆனால் அன்று வண்டி ஓட்டக்கூடாது; வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடவே ஒரு ஆள் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் தனியாக இங்கேயும் இருக்கும் வீடுகளில் பணத்தைவிட இதுதான் பெரிய தடை. இரவெல்லாம் பத்துப் பதினைந்து தடவை கழிவறைக்கு ஓடும் எழுபது வயதுக்காரர் வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது? குடல் ஓட்டை விழும் ஆபத்தும் உண்டு. பரிசோதனைக்காகச் செய்யும் கொலோனோஸ்கோப்பியில் 10,000 பேரில் சுமார் 3 பேருக்கு அப்படி நேர்கிறது, சுமார் 15 பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு. குறைவுதான், ஆனாலும் பூஜ்யம் இல்லை.

ஃபிட்டில் இந்தக் கதையே கிடையாது. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி, மூடியோடு ஒட்டிய குச்சி, குச்சியின் நுனியில் வரி வரியாகப் பள்ளம். மலத்தின் மேல்பரப்பில் நாலைந்து இடத்தில் குச்சியால் கீறி, பள்ளம் நிறையும் அளவு ஒட்டியதும் குப்பிக்குள் செருகித் திருகிவிட வேண்டும். அவ்வளவுதான். நிறைய எடுத்தால் நல்லது என்று வழித்து எடுப்பது தப்பு, அளவு கெட்டுவிடும். மலம் கழிவறைத் தண்ணீரில் படக்கூடாது என்பதால் வெஸ்டர்ன் டாய்லெட்டில் மேலே தாள் விரித்துக்கொள்வது நல்லது. மாதவிடாய் நாட்களிலும் மூலத்தில் ரத்தம் போகும் நாட்களிலும் எடுக்க வேண்டாம். பத்தியம் கிடையாது. இது மனித ரத்தப் புரதத்தை மட்டும் அடையாளம் காணும் பரிசோதனை. முந்தைய நாள் மட்டன் குழம்பு சாப்பிட்டிருந்தாலும் முள்ளங்கி சாம்பார் சாப்பிட்டிருந்தாலும் முடிவு மாறாது. பழைய ரசாயன முறைக்கு அந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் இருந்தன. நம் ஊர் ஆய்வகங்களில் 'ஸ்டூல் ஒக்கல்ட் பிளட்' என்று எழுதிக் கொடுத்தால் எந்த முறையில் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எவ்வளவு பிடிக்கும்? சுமார் 10,000 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரே முறை செய்த ஃபிட் 100 புற்றுநோயில் 74-ஐப் பிடித்தது. ஆபத்தான பாலிப்களில் 24 சதவீதத்தை மட்டுமே. இந்த இரண்டாவது எண்ணைக் காட்டித்தான் குழாய்க் கட்சிக்காரர்கள் ஃபிட்டை ஒதுக்குகிறார்கள். ஆனால் ஃபிட் ஒரே முறை செய்வதற்கான பரிசோதனையே இல்லை. ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையோ திரும்பத் திரும்பச் செய்வதற்கானது. பாலிப் மெதுவாக வளர்வதால், இந்த முறை தப்பியது பெரிதாகி ரத்தம் கசியும்போது அடுத்த முறை மாட்ட வாய்ப்பு இருக்கிறது.

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்தது ஸ்பெயின். 50 முதல் 69 வயதுக்குட்பட்ட சுமார் 57,000 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஒரே ஒரு கொலோனோஸ்கோப்பிக்கு அழைப்பு. மறு பாதிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு ஃபிட். 2012-இல் வந்த முதல் சுற்று முடிவில் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய் கிட்டத்தட்ட சமம்: குழாயில் 30, ஃபிட்டில் 33. ஆபத்தான பாலிப்களில் மட்டும் குழாய் இரண்டு மடங்குக்கு மேல் முன்னால் நின்றது. 10 ஆண்டு கழித்து என்ன ஆனது என்ற முடிவு 2025-இல் வந்தது. இந்நோயால் இறந்தவர்கள் குழாய்க் குழுவில் 55 பேர், ஃபிட் குழுவில் 60 பேர். சதவீதத்தில் 0.22-க்கு 0.24. ஃபிட் பின்தங்கவில்லை என்றே ஆய்வாளர்கள் முடிவுகட்டினார்கள்.

காரணம் எளிது. அழைத்தால் வருகிறவர்கள் ஃபிட்டுக்குத்தான் அதிகம். அந்த ஆய்வில் ஃபிட்டுக்கு ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வந்தார்கள், கொலோனோஸ்கோப்பிக்கு 32 சதவீதம். போலந்து, நார்வே, சுவீடனில் நடந்து 2022-இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வும் இதே கதையைச் சொல்கிறது. கொலோனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேரே செய்துகொண்டார்கள். 10 ஆண்டில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அழைக்கப்படாதவர்களில் 1.20 சதவீதம், அழைக்கப்பட்டவர்களில் 0.98 சதவீதம். அழைக்கப்பட்ட எல்லோரும் செய்திருந்தால் இறக்கம் இன்னும் அதிகமாக இருந்திருக்கும் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. அப்படியானால், கண்டிப்பாகச் செய்துகொள்வேன் என்று உறுதியாக இருக்கும் ஒருவருக்கு குழாய் இலாபம். தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கும் நம்மில் பெரும்பாலோருக்கு, இந்த வாரமே முடித்துவிடக்கூடிய ஃபிட் இலாபம்.

ஃபிட்டில் பாசிட்டிவ் வந்தால்? ஒரே பதில்தான், கொலோனோஸ்கோப்பி. பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது, எனவே பதற வேண்டாம். ஆனால் 'இன்னொரு தடவை ஃபிட் பார்ப்போம்' என்று திரும்ப எடுத்து, நெகட்டிவ் வந்ததும் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவது மிகவும் மோசமான முடிவு. பாலிப் தினமும் ரத்தம் கசிவதில்லை. அந்தக் கொலோனோஸ்கோப்பிக்குத் தயாராக இல்லை என்றால் ஃபிட் எடுப்பதிலேயே பொருள் இல்லை.

மற்ற போட்டியாளர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடலின் இடப்பக்கத்தை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோப்பிக்கு நல்ல ஆய்வு ஆதாரம் உண்டு, ஆனால் வலப்பக்கம் இருட்டு. சி.டி. ஸ்கேன் முறைக்கும் பேதி மருந்து குடிக்க வேண்டும். பாலிப் தெரிந்தால் மறுபடி குழாய். மலத்தில் மரபணு மாற்றம் தேடும் பரிசோதனை அமெரிக்காவில் 2014-இல் அனுமதி பெற்றது. புற்றுநோயில் 92 சதவீதத்தைப் பிடிக்கும், ஆனால் ஒன்றும் இல்லாதவர்களையும் ஃபிட்டைவிட அதிகமாகப் பயமுறுத்தும். 2024-இல் அங்கே அனுமதி பெற்ற ரத்தப் பரிசோதனை புற்றுநோயில் 83 சதவீதத்தைப் பிடிக்கிறது, ஆபத்தான பாலிப்பில் வெறும் 13 சதவீதம். ஒரு ஊசிக்குத்தோடு முடியும் என்பது கவர்ச்சிதான், ஆனால் தடுக்க வேண்டிய கட்டத்தைத் தவறவிடுகிறது.

நம் ஊர் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பட்டியல்களில் சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை 'கேன்சர் மார்க்கர்' என்ற பெயரில் இருக்கும். புகைப்பவர்களுக்குப் புற்றில்லாமலே அது ஏறும். ஆரம்பக் கட்டப் புற்றில் ஏறாமலே இருக்கும். சிகிச்சை முடிந்தவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று கவனிக்க அது பயன்படும். நோய் இருக்கிறதா என்று புதிதாகத் தேட அல்ல. அந்தக் காசை ஃபிட்டுக்குக் கொடுங்கள்.

இந்த ஒப்பீடே பொருந்தாதவர்கள் சிலர் உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை, வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை இருப்பவர்கள் தேடல் பரிசோதனைக்குரியவர்கள் இல்லை. நேரே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள். நம் ஊரில் ரத்தம் என்றாலே மூலம், சூடு என்று ஆறு மாதம் துத்திக்கீரையிலும் மோரிலும் ஓட்டிவிடுவோம். மூலம் இருப்பவருக்கு, பெருங்குடலின் கடைசிப் பகுதியான மலக்குடலில் புற்று வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. வயது குறைவு என்பதும் கவசம் இல்லை. நடிகர் சாட்விக் போஸ்மேன் 43 வயதில் இந்நோயால் இறந்தார். 50 வயதுக்குக் கீழ் நோய் கூடுவதைப் பார்த்துத்தான் அமெரிக்கா 2021-இல் பரிசோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45-ஆக இறக்கியது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது வந்திருந்தால் கணக்கு வேறு: 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்கு 10 ஆண்டு முன்பு, எது முந்தியோ அப்போதே கொலோனோஸ்கோப்பி. இங்கே ஃபிட்டுக்காக நான் வாதாட மாட்டேன்.

சிகிச்சையைப் பார்த்தால் இவ்வளவு மெனக்கெடல் ஏன் என்பது தெரியும். பாலிப்பாக இருக்கும்போது குழாயோடு போய்விடுவது, முதல் கட்டப் புற்றானால் பொதுவாக அறுவையோடு முடியும். நிணநீர்க் கணுவுக்குப் பரவினால் அறுவைக்குப் பின் 3 முதல் 6 மாதம் கீமோ. மலக்குடலில் என்றால் கதிர்வீச்சும் சேரும், சிலருக்கு மலம் வெளியேற வயிற்றில் பை மாட்டும் நிலையும் வரும். சமீப ஆண்டுகளில் கதிர்வீச்சும் கீமோவும் முடிந்த பிறகு கட்டி முழுதும் மறைந்தவர்களை அறுக்காமல் கண்காணிக்கும் முறை வளர்ந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மரபணுக் குறைபாடு உள்ள மலக்குடல் புற்றில் 'டோஸ்டார்லிமாப்' மருந்து மட்டும் கொடுத்து, முதலில் மதிப்பிட்ட 12 பேருக்கும் கட்டி மறைந்ததாக நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்கள் 2022-இல் தெரிவித்தார்கள். அந்தக் குறைபாடு மலக்குடல் நோயாளிகளில் சிறு பகுதியினருக்கே உண்டு. மற்றபடி அமெரிக்கக் கணக்கில், குடலோடு நிற்கும் கட்டத்தில் பிடிபட்டவர்களில் ஐந்தாண்டு தாண்டுவோர் சுமார் 90 சதவீதம்; கல்லீரல், நுரையீரல் என்று பரவிய பின் சுமார் 15 சதவீதம்.

கடைசியாக, தேர்ந்தெடுத்த பின் இரண்டு சங்கதிகள். ஃபிட் என்றால் வெயில். ரத்தப் புரதம் சூட்டில் சிதைந்துவிடும். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் வட்டாரத்தில் கோடையில் பாசிட்டிவ் எண்ணிக்கையே குறைந்ததாக 2010-இல் ஆய்வு வந்தது. சென்னைக் கத்திரி வெயிலில் குப்பியைப் பைக் பெட்டிக்குள் போட்டு மாலை வரை ஊர் சுற்றாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் எடுப்பது புத்திசாலித்தனம். கொலோனோஸ்கோப்பி என்றால் ரிப்போர்ட்டைப் படியுங்கள். குழாய் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனதா, அதற்குப் படம் இருக்கிறதா, திரும்ப வெளியே எடுக்கும்போது குறைந்தது 6 நிமிடம் பார்த்தார்களா, குடல் சுத்தமாக இருந்ததா என்று தேடுங்கள். 'பிரிப்பரேஷன் போதவில்லை' என்று எழுதியிருந்தால் அந்தப் 10 ஆண்டுக் கணக்கு செல்லாது. ஓராண்டுக்குள் மறுபடியும் அந்த 2 லிட்டரைக் குடித்தாக வேண்டும்.